குழாய்ல வர்றது எந்த ஊரு தண்ணி? காவிரி, கிருஷ்ணா, நம்ம சென்னை

கடைமடை_மகன்:

வணக்கம் எல்லாருக்கும். போன வாரம் எங்க பெரியப்பா ஊர்லேர்ந்து வந்திருந்தாரு. மன்னார்குடிக்கு தெக்க நாலு ஏக்கர், சரியான கடைமடை, அதாவது வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். காலைல எந்திரிச்சு பல்லு வெளக்கறதுக்கு முன்னாடியே பேப்பர்ல மேட்டூர் எத்தன அடின்னு பாக்கற ஆளு, ஜூன் மாசம் பொறந்துட்டா அவருகிட்ட வேற பேச்சே கெடையாது. எங்க வீடு போரூர் பக்கம். வந்த அன்னிக்கு சாயங்காலம் குழாயத் தொறந்து ஒரு சொம்பு புடிச்சு குடிச்சிட்டு "இது எந்த ஊரு தண்ணிடா"ன்னு கேட்டாரு. மெட்ரோ வாட்டர் பெரியப்பான்னு சொன்னேன். "அது குடுக்கறவன் பேரு. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கேட்டேன்"ன்னாரு. 16 வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், எனக்கு பதில் தெரியல.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடித் தேடிப் படிச்சேன். கொள்ளிடத்துல கீழணைல தேக்கி, வடவாறு வழியா வீராணம் ஏரிக்குக் கொண்டு வந்து, அங்கேர்ந்து சேத்தியாத்தோப்பு போய், வடக்குத்துல சுத்திகரிச்சு, 200 கிலோமீட்டருக்கு மேல குழாய்லயே ஓடி போரூருக்கு வருது. 2004-லேர்ந்து வருது, ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர். கொள்ளிடம்னா காவிரி. காலைல பெரியப்பாகிட்ட சொன்னேன். "அப்ப இது எங்க தண்ணிதான்"ன்னாரு. கோவமா சொல்லல, ஏதோ சொந்தக்காரன ரயில்ல பாத்த மாதிரி சொன்னாரு.

நான் சொல்ல வர்றது இதான். காவிரி பிரச்சனைன்னா சென்னைல நாம அத தஞ்சாவூர் திருவாரூர் விவசாயி பிரச்சனைன்னு நெனச்சுக்கறோம், பந்த் அன்னிக்கு லீவு உண்டான்னு பாக்கறோம். ஆனா வடக்கேர்ந்து வர்ற கிருஷ்ணா தண்ணிக்கும் கடைசி மதகு நாமதான், தெக்கேர்ந்து வர்ற காவிரிக்கும் கடைசி குழாய் நாமதான். சென்னையே ஒரு கடைமடை ஊருங்க. மேல இருக்கறவன் மூடுனா முதல்ல காயப்போறது நாம. இத ஏன் நம்ம ஊர்ல யாரும் பேச மாட்டேங்கறோம்?

சைதாப்பேட்டை_92:

நல்ல பதிவு ப்ரோ. ஆனா இதுல பேச என்ன இருக்கு. சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரில தீர்ப்பு குடுத்தாச்சு, வருஷத்துக்கு 177.25 டிஎம்சி எல்லைல தண்ணி அளக்கற பிலிகுண்டுலுல கர்நாடகா குடுக்கணும்னு. அதுவே காவிரி நடுவர் மன்றம் சொன்ன 192-லேர்ந்து 14.75 கொறச்சு குடுத்ததுதான், நாம அதையும் ஏத்துக்கிட்டோம். 2023-ல என்ன ஆச்சு? விநாடிக்கு 5,000 கன அடி 15 நாளைக்கு விடுன்னு காவிரி மேலாண்மை ஆணையம் சொன்னதுக்கு பெங்களூர்ல ஒரு பந்த், அப்புறம் கர்நாடகா முழுக்க ஒரு பந்த். 5,000 கன அடின்னா ஒரு நாளைக்கு அரை டிஎம்சி கூட கெடையாது. 15 நாளைக்கும் சேத்து ஆறரை டிஎம்சி. ஆகஸ்ட் ஒரு மாசத்துக்கு மட்டும் நமக்கு வர வேண்டியது 45.95. கோர்ட்டு சொன்னதயே குடுக்காதவன்கிட்ட நாம என்ன பேசறது, எனக்கு வயிறு எரியுது.

பெங்களூரு_தமிழ்:

நான் பெங்களூர்லயே பொறந்து வளந்தவ. எங்க தாத்தா காலத்துல வேலூர்லேர்ந்து இங்க வந்தோம். 1991 டிசம்பர்ல என்ன நடந்துச்சுன்னு எங்க அம்மா இப்பவும் சொல்லுவாங்க, ராத்திரி லைட்ட அணைச்சிட்டு வாசல்ல கோலம் கூட போடாம பத்து நாள் இருந்தோம்னு. நடுவர் மன்றத்தோட இடைக்கால உத்தரவு, 205 டிஎம்சி குடுக்கணும்னு சொன்னது, அது அரசிதழ்ல வந்ததுக்கு அப்புறம்தான் அந்தக் கலவரம். 2016 செப்டம்பர்ல நானே பாத்தேன், தமிழ்நாட்டு நம்பர் பிளேட் இருந்த பஸ்ஸையும் லாரியையும் வரிசையா கொளுத்துனாங்க, எங்க ஏரியால ஊரடங்கு போட்டாங்க. என் வண்டி கர்நாடகா நம்பர்தான், ஆனாலும் கண்ணாடில ஒட்டிருந்த முருகர் ஸ்டிக்கர கிழிச்சிட்டுதான் வெளிய எடுத்தேன். அத நெனச்சா இன்னமும் மனசு ஆற மாட்டேங்குது.

அதனால எனக்கு கோவம் இல்லாம இல்ல. ஆனா மண்டியால எங்க ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்க வீட்டுக்குப் போயிருக்கேன். அந்த வீட்டுப் பெரியவர் காலைல எந்திரிச்சதும் கண்ணம்பாடி கட்டே எத்தன அடின்னு கேக்கறாரு. கிருஷ்ணராஜசாகர அங்க அப்படித்தான் சொல்லுவாங்க. 124.80 அடி ரொம்பினா ஊருக்கே சந்தோஷம். கடைமடை மகன் சார் பெரியப்பாவப் பத்தி எழுதினதும் எனக்கு அவருதான் ஞாபகம் வந்தாரு. அவருக்கும் வயலு, அவருக்கும் கடன். கீழ இருக்கறவங்களுக்கு வருஷத்துல மூணு போகமாம், எங்களுக்கு ஒரு போகத்துக்கே இல்லைன்னு அவங்க ஊர்ல சொல்லித்தான் வளக்கறாங்க.

கடைமடை_மகன்:

அக்கா, மூணு போகம்லாம் பழைய கதை. எங்க ஊர்ல குறுவை போட்டு பல வருஷம் ஆச்சு, சம்பா ஒண்ணுதான், அதுவும் பெரும்பாலும் நேரடி விதைப்பு, ஏன்னா நாத்தங்கால் விட்டு நட தண்ணி எப்ப வரும்னு தெரியாது. ஆனா நீங்க சொன்ன அந்த மண்டியா பெரியவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்ல. அது நியாயந்தான். எங்க பெரியப்பாவுக்கும் அவரு ஒரு போகத்துக்கு அல்லாடறது தெரியாது.

ரிட்டயர்டு_ஏஇ:

பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க தம்பிகளா, ஏன்னா இந்த இழையில ஆளாளுக்கு டிஎம்சின்னு சொல்றீங்க, அது நூறு கோடி கன அடி, ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். சென்னை மாதிரி ஊருக்கு ஒரு மாசத்துக்கு ஏறத்தாழ 1 டிஎம்சி ஓடும்னு கைக்கணக்கு வெச்சுக்கோங்க. அப்பதான் 177-ங்கறது எவ்வளவு பெருசு, அதுல சண்டை ஏன் வருதுன்னு மனசுல உக்காரும்.

சண்டை இன்னிக்கு நேத்து வந்ததில்ல. 1892-ல சென்னை ராஜதானிக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் ஒரு ஒப்பந்தம், மேல புதுசா அணை கட்டணும்னா கீழ இருக்கறவங்ககிட்ட சம்மதம் வாங்கணும்னு. அப்புறம் கிருஷ்ணராஜசாகர் கட்டறதுல தகராறாகி 1924-ல இன்னொரு ஒப்பந்தம். அதுப்படி அவங்க கிருஷ்ணராஜசாகர், நாம மேட்டூர். மேட்டூர் 1934-ல முடிஞ்சுது, 120 அடி, 93.47 டிஎம்சி. அந்த 1924 ஒப்பந்தத்துல சில ஷரத்துகள 50 வருஷம் கழிச்சு மறுபடி பாக்கலாம்னு இருந்துச்சு. 1974 வந்ததும் கர்நாடகா ஒப்பந்தமே முடிஞ்சு போச்சுன்னு சொன்னாங்க, நாம மறுபரிசீலனைதான், முடியலைன்னு சொன்னோம். அதுக்குள்ள அவங்க ஹேமாவதி, ஹாரங்கி, கபினின்னு ஒண்ணொண்ணா அணை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க பக்க வாதம் என்னன்னா, வெள்ளைக்காரன் நேரடியா ஆண்ட ராஜதானி ஒரு பக்கம், அவனுக்கு அடங்கின சமஸ்தானம் இன்னொரு பக்கம், அது சமமான ஒப்பந்தமே இல்லைங்கறாங்க. நம்ம வாதம், கரிகாலன் கல்லணை கட்டின காலத்துலேர்ந்து பாசனம் பண்ற நெலத்த காயப்போட்டுட்டு புதுசா நெலம் திருத்த முடியாதுங்கறது. நடுவர் மன்றம் 1990-ல அமைச்சாங்க, இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி, அரசிதழ்ல வந்தது 2013. பாருங்க, ஒரு தலைமுறையே போச்சு.

இப்ப முக்கியமான விஷயம். மழை பெஞ்ச வருஷத்துல இந்த சண்டையே கெடையாது. 2022-23-ல பிலிகுண்டுலு தாண்டி வந்தது 600 டிஎம்சிக்கு மேல, வைக்க எடமில்லாம நெறைய கொள்ளிடத்துல கடலுக்குப் போச்சு. அடுத்த வருஷமே 100 கூட வரல. நடுவர் மன்றம் மொத்த ஆத்துக்கும் 740 டிஎம்சின்னு வெச்சு பங்கு பிரிச்சுது, தண்ணி கொறஞ்ச வருஷத்துல எல்லாருக்கும் அதே விகிதத்துல கொறச்சுக்கணும்னு ஒரு வரி எழுதினாங்க. கேக்க நல்லா இருக்கு. ஆனா ஆகஸ்ட் மாசம் பத்தாம் தேதி உக்காந்துகிட்டு இந்த வருஷம் கொறைன்னு யாரு சொல்றது? செப்டம்பர்ல மழை வருமா வராதான்னு அவங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவங்க பயந்துகிட்டு அணைய மூடி வெப்பாங்க, வருஷக் கடைசில கணக்கு பாத்துக்கலாம்பாங்க. நம்மாளுக்கு வருஷக் கடைசில கணக்கு வந்து என்ன புண்ணியம், குறுவைக்கு ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் வேணும். ஜனவரில 10 டிஎம்சி சேத்து விட்டா பயிரு உயிரோட வருமா? அதனாலதான் மாசவாரி அட்டவணை போட்டாங்க, ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76. பாதிக்கு மேல இந்த நாலு மாசத்துலயே வந்துடணும். கொறை வருஷத்துக்கு இதே மாதிரி வாரவாரம், அணைல இருக்கறது, உள்ள வர்றது, பெஞ்ச மழை, மூணையும் வெச்சு ரெண்டு பக்கமும் முன்கூட்டியே ஒத்துக்கிட்ட ஒரு வாய்ப்பாடு இருந்தா ஒவ்வொரு தடவையும் கோர்ட்டு வாசல்ல நிக்க வேண்டாம். என் சர்வீஸ் முழுக்க இத கேட்டுட்டேதான் இருந்தேன்.

சைதாப்பேட்டை_92:

சார் அருமையா சொன்னீங்க. ஆனா அந்த வருஷம் அவ்வளவு தண்ணி கடலுக்குப் போச்சுன்னு நீங்களே சொல்றீங்க, அதத்தான அவங்களும் சொல்றாங்க, கடல்ல வீணடிக்கறீங்க எங்களுக்கு குடுத்தா பிலிகுண்டுலுக்கு மேல மேகதாதுல புதுசா அணை கட்டிக்கறோம்னு. 67 டிஎம்சி தேக்கறாங்களாமே.

ரிட்டயர்டு_ஏஇ:

தம்பி, கடலுக்குப் போற தண்ணி எல்லாம் வீண்னு யாரு சொன்னது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போய் கிணத்துத் தண்ணிய வாயில விட்டுப் பாருங்க. ஆத்துல தண்ணி வராத வருஷத்துல கடல் உள்ள ஏறி வருது, கொள்ளிடக் கரையில போர் போட்டா உப்பு. நடுவர் மன்றமே சுற்றுச்சூழலுக்கு 10, தடுக்க முடியாம கடலுக்குப் போறதுக்கு 4-ன்னு 14 டிஎம்சி ஒதுக்கி வெச்சுது. அதுக்காக வெள்ளத்த முழுசா விட்டுடணும்னு சொல்லல, கதவணை கட்டணும், ஏரி தூர் வாரணும், 2018 ஆகஸ்ட்ல வெள்ளம் போறப்பவே முக்கொம்புல கொள்ளிடத்து மதகு உடைஞ்சு போச்சே, அப்படிப்பட்ட நெலமைல நம்ம கட்டுமானத்த வெச்சிருந்தா அவங்க பேச இடம் குடுக்கறோம்.

மேகதாது விஷயத்துல பயம் வேற. கபினிக்கும் கிருஷ்ணராஜசாகருக்கும் கீழ, பிலிகுண்டுலுக்கு மேல, நடுவுல பெய்யற மழை இன்னிக்கு யாரு கைலயும் இல்லாம தானா ஓடி வருது. கொறை வருஷத்துல நமக்கு உயிர்த்தண்ணி அதான். அதுக்கும் ஒரு சாவி மாட்டினா, சாவி யாரு கைல இருக்குங்கறதுதான் கேள்வி.

வேளச்சேரி_அம்மா:

எனக்கு இந்த கணக்கெல்லாம் தெரியாதுங்க. 2019 ஜூன் மாசம் எங்க அபார்ட்மெண்ட்ல 21 நாள் மெட்ரோ தண்ணி வரல. போர்ல காத்து வந்துச்சு. தனியார் டேங்கர்காரரு முந்தின வருஷம் கேட்டதப் போல ரெண்டரை மடங்கு கேட்டாரு, அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு வருவாரு, அப்ப எந்திரிச்சு நிக்கணும். பையனுக்கு பிளஸ் டூ. நான் பாத்திரம் கழுவின தண்ணிய கக்கூஸுக்கு, அரிசி கழுவின தண்ணிய செடிக்குன்னு வாழ்ந்தேன். அப்ப ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, ஜூலை 12-ஆம் தேதி முதல் ரயில், 50 வேகன், 25 லட்சம் லிட்டர், வில்லிவாக்கத்துல நிறுத்தி வாழைமரம் கட்டி பூ போட்டாங்க. டிவில பாத்துட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு. அந்த ரயில் தண்ணி எங்க தண்ணின்னு யாராச்சும் சொல்ல முடியுமா?

ரிட்டயர்டு_ஏஇ:

அதுவும் காவிரிதாம்மா. மேட்டூர்லேர்ந்து வேலூர், திருப்பத்தூர் பக்கத்துக்குப் போற கூட்டுக் குடிநீர் திட்டத்துல எடுத்ததுதான் ஜோலார்பேட்டைல ஏத்தினாங்க.

வேளச்சேரி_அம்மா:

அப்படியா. இத்தன வருஷம் தெரியாம இருந்துட்டேன்.

ஊத்துக்கோட்டை_பையன்:

காவிரியப் பத்தியே பேசறீங்க, வடக்கப் பாருங்க அண்ணா. எங்க ஊருக்குப் பக்கத்துலதான் ஜீரோ பாயிண்ட், ஆந்திரா முடிஞ்சு தமிழ்நாடு தொடங்கற இடம். ஆந்திரால கண்டலேறு அணைல தொறந்தா 150 கிலோமீட்டர் கால்வாய் தாண்டி இங்க வரும், இங்கேர்ந்து 25 கிலோமீட்டர்ல பூண்டி. கிருஷ்ணா எங்க ஓடுது, சென்னை எங்க இருக்குன்னு மேப்ல பாத்தீங்கன்னா ஆச்சரியமா இருக்கும். ஸ்ரீசைலத்துல எடுத்து, பெண்ணாறு மேல இருக்கற சோமசிலா வந்து, கண்டலேறு வந்து, அப்புறம் நமக்கு. 1976-ல மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூணு பேரும் சென்னைக்குக் குடிக்கன்னு தலைக்கு 5 டிஎம்சி விட்டுக் குடுத்தாங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க, காவிரில நம்மகூட மல்லுக்கு நிக்கற அதே கர்நாடகா கிருஷ்ணால நமக்காக 5 டிஎம்சி குடுக்க ஒத்துக்கிச்சு. 1983-ல எம்ஜிஆரும் என்டிஆரும் இருந்தப்ப ஆந்திராவோட ஒப்பந்தம். 15-ல வழியில 3 போகும், 12 வரணும், ஜூலைலேர்ந்து அக்டோபர் வரைக்கும் 8, ஜனவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் 4. முதல்ல பூண்டிக்கு தண்ணி வந்தது 1996-ல.

முழு 12 வந்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல. கால்வாய் முதல்ல மண் கரையா இருந்தப்ப பாதி தண்ணி உறிஞ்சிக்கும், சத்ய சாய்பாபா அறக்கட்டளை காசு போட்டு சீர் பண்ணினதுக்கு அப்புறம்தான் ஒழுங்கா வர ஆரம்பிச்சுது, எங்க ஊர்ல வயசானவங்க இப்பவும் சாயி கங்கைன்னுதான் சொல்லுவாங்க. இப்ப வழில இருக்கற விவசாயிங்க மோட்டர் போட்டு எடுக்கறாங்கன்னு ஒவ்வொரு தடவையும் பேச்சு வரும். நான் அந்தப் பக்கம் பொண்ணு கட்டினவன். மாமனார் வயல் கால்வாய்லேர்ந்து கூப்பிடு தூரம். கண்ணு முன்னாடி கால்வாய் நெறைய தண்ணி ஓடுது, அவரு நெல்லு காயுது, தண்ணி 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கற மெட்ராசுக்குப் போவுது. அவரு மோட்டர் போட்டாரான்னு கேக்காதீங்க, நான் சொல்ல மாட்டேன். தப்புதான், ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். ஆனா அவரு முகத்தப் பாத்து தப்புன்னு சொல்ல என்னால முடியல.

இன்னொண்ணு, 2014-ல தெலங்கானா பிரிஞ்சதுக்கு அப்புறம் கிருஷ்ணால ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்குமே ஆகல. நம்ம தண்ணி ஸ்ரீசைலத்துல போத்திரெட்டிபாடு மதகு வழியாதான் வெளிய வருது, அந்த மதகு மேலயே அவங்களுக்குள்ள வழக்கு. அப்ப நம்ம பூண்டிக்கு ஒரு சொட்டு வரணும்னா நாலு மாநிலத்து தகராற தாண்டி வரணும்.

கடைமடை_மகன்:

தம்பி, நீங்க எழுதினதுல அந்த மாமனார் விஷயம் என்ன ரொம்ப யோசிக்க வெச்சிடுச்சு. மூணு மாநிலம் கையெழுத்து போட்டு தலைக்கு 5 குடுத்ததப் பத்தி நம்ம ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துல கூட நான் படிச்ச ஞாபகம் இல்ல. குடிதண்ணின்னு கேட்டா குடுக்கற மனசு இருந்திருக்கு. அது எங்க போச்சு?

காட்டுமன்னார்கோயில்:

ஒரு நிமிஷம். நான் வீராணத்து ஆயக்கட்டுக்காரன், அந்த ஏரித் தண்ணில பயிர் பண்றவன். எல்லாரும் கர்நாடகாவ சொல்றீங்க, ஆந்திராவ சொல்றீங்க. எங்கள யாரு கேட்டா? வீராணம் ஏரி 1,465 மில்லியன் கன அடி, அதாவது ஒன்றரை டிஎம்சி கூட கெடையாது, அத நம்பி நாப்பதாயிரம் ஏக்கருக்கு மேல இருக்கு. சோழன் வெட்டின ஏரி, பயிருக்குன்னு வெட்டினது. கொறை வருஷத்துல ஏரில தண்ணி எறங்கினா முதல்ல மூடறது எங்க மதக, ராட்சத மோட்டர் ஓடிட்டே இருக்கும், ஏன்னா சென்னைக்கு குடிதண்ணியாம். குடிதண்ணிக்குத்தான் முதல் உரிமைன்னு தேசிய நீர்க்கொள்கைலயே இருக்கு, ஒத்துக்கறேன், குடிக்கற தண்ணிய மறிச்சா பாவம். ஆனா அதே வார்த்தையத்தான பெங்களூர்காரங்க சொல்றாங்க? சுப்ரீம் கோர்ட்டு 14.75 டிஎம்சி கொறச்சுதே, அதுல 4.75 பெங்களூரு குடிதண்ணிக்குன்னு சொல்லித்தான கொறச்சுது? அது அநியாயம்னா எங்க ஏரில நீங்க மோட்டர் போடறது என்ன? சென்னைல 2015-ல வந்த வெள்ளத்துல செம்பரம்பாக்கத்துலேர்ந்து எவ்வளவு தண்ணி கடலுக்குப் போச்சு, அத வைக்க உங்களுக்கு எடமில்ல, ஏரி எல்லாம் வீடாயிடுச்சு, எங்க ஏரிக்கு வர்றீங்க.

சைதாப்பேட்டை_92:

அண்ணே நீங்க நம்ம ஆளா இருந்துட்டு கர்நாடகா வாதத்த பேசறீங்களே.

காட்டுமன்னார்கோயில்:

தம்பி, நான் யாரு ஆளும் இல்ல. தண்ணிக்குக் கீழ இருக்கற ஆளு. உங்களுக்கு நான் மேல இருக்கேன், எனக்கு மேல மேட்டூர், அதுக்கு மேல அவங்க. கீழ இருக்கறவன மேல இருக்கறவன் மதிக்கணும்னு கர்நாடகாகிட்ட கேக்கற நாம அத நம்மளுக்குள்ள செஞ்சு காட்டியிருக்கோமான்னு கேக்கறேன், அவ்ளோதான்.

ஆம்பூர்க்காரன்:

பாலாறப் பத்தி ஒரு வார்த்தை. கர்நாடகால பொறந்து, ஆந்திரால 33 கிலோமீட்டர் ஓடி, நம்ம ஊர்ல 222 கிலோமீட்டர் ஓடற ஆறு. குப்பம் பக்கம் தடுப்பணை தடுப்பணையா கட்டிட்டாங்கன்னு நாம வழக்கு போட்டிருக்கோம், சரிதான், 1892 ஒப்பந்தம் பாலாறுக்கும் சேத்துதான். ஆனா இங்க ஆம்பூர், வாணியம்பாடில தோல் கழிவ விட்டது யாரு, மணல வாரி லாரி லாரியா சென்னைல வீடு கட்ட அனுப்பினது யாரு. தண்ணி வந்தாலும் நிக்க மணல் வேணுமே. காட்டுமன்னார்கோயில் அண்ணன் சொன்னதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

பெங்களூரு_தமிழ்:

2024 மார்ச்ல எங்க ஊர்ல நடந்தத நீங்க டிவில பாத்திருப்பீங்க. போர்வெல் எல்லாம் வத்திப் போச்சு, வேளச்சேரி அம்மா எழுதின மாதிரியே ராத்திரி டேங்கருக்கு நின்னோம். இங்க காவிரி தண்ணி தொரேகாடனஹள்ளிலேர்ந்து 100 கிலோமீட்டர், கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மோட்டர் வெச்சு ஏத்தறாங்க. நம்ம ஊர்ல ஏரி எல்லாம் தூத்துட்டு மேல அபார்ட்மெண்ட் கட்டிட்டு, தூரத்து வயலுக்குப் போற தண்ணிய மோட்டர் போட்டு எடுக்கறதுல ரெண்டு ஊரும் ஒண்ணுதான். அந்த மண்டியா பெரியவரு ஒரு தடவ சொன்னாரு, தமிழ்நாட்டுக்கு குடுக்கறதுக்கும் முன்னாடி பெங்களூருக்குத்தான் எங்க தண்ணி போவுதுன்னு. அப்ப எனக்குப் புரியல.

கடைமடை_மகன்:

காட்டுமன்னார்கோயில் அண்ணே, நீங்க எழுதினத மூணு தடவ படிச்சேன். பதில் சொல்லாம இருக்கக் கூடாதுன்னு எழுதறேன். நீங்க சொல்றது சரி. நான் ஆரம்பிச்சப்ப சென்னை கடைமடைன்னு எழுதினேன், அது பாதிதான் சரி. தண்ணி வர்ற வழில நாம கடைசி, ஆனா அதிகாரத்துல நாம தலைமடை. தலைமைச் செயலகம் இங்க, பணம் இங்க, டிவி இங்க. வீராணத்துல தண்ணி இல்லைன்னா ரயில் விடறாங்க, உங்க வயல்ல தண்ணி இல்லைன்னா நிவாரணம் அறிவிக்கறாங்க, அதுவும் எப்ப கைக்கு வரும்னு தெரியாது. 2016-17-ல காவிரியும் வரல, வடகிழக்கு மழையும் பொய்ச்சுது, சம்பா கருகி எங்க ஊர்ல அந்த தையில பொங்கல் பானைய ஏத்தினதே ரெண்டு மூணு வீடுதான். அந்த மாசம் நான் இங்க சென்னைல வார்தா புயல்ல சாஞ்ச மரத்தப் பத்தி பேசிட்டிருந்தேன், வீட்டுக்கு போன் பண்ணி கேக்கவே இல்ல. பெரியப்பா அத சொல்லிக்காட்டினதே இல்ல.

அப்ப சென்னை என்ன செய்யணும்? என் மனசுல பட்டத சொல்றேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய் கண்டிகை எல்லாம் சேத்தா 11.75 டிஎம்சி சொச்சம், ஏறக்குறைய ஒரு வருஷத் தண்ணி. நல்லா பெய்யற வருஷத்துல இது ரொம்புது, மிச்சம் கடலுக்குப் போவுது. மீஞ்சூர்லயும் நெம்மேலிலயும் கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்கறாங்க, 2024-ல நெம்மேலில இன்னொரு 15 கோடி லிட்டர் சேந்திருக்கு. அப்படின்னா ஏரி ரொம்பி இருக்கற வருஷத்துல வீராணத்துலேர்ந்து எடுக்கறத கொறைக்கணும், நிறுத்தணும், அதுக்கு ஒரு கணக்கு வேணும், எத்தன அடி இருந்தா எவ்வளவு எடுக்கலாம்னு ஆயக்கட்டுக்காரங்களையும் வெச்சு எழுதி ஒட்டணும். ஏஇ சார் கர்நாடகாவோட கேக்கற அதே கொறை வருஷ வாய்ப்பாட்ட நாம முதல்ல வீராணத்துல போடணும்.

ரிட்டயர்டு_ஏஇ:

செய்யலாம் தம்பி. தொழில்நுட்பமா ஒரு தடையும் இல்ல. ஏரி மட்டம் தினம் எடுக்கறாங்க, மோட்டர் எடுக்கற அளவும் மீட்டர்ல இருக்கு. அட்டவணை போடறது ரெண்டு நாள் வேலை. கையெழுத்து போடத்தான் ஆளு வேணும்.

சைதாப்பேட்டை_92:

நான் முதல்ல கொஞ்சம் சூடா எழுதிட்டேன். கர்நாடகா தீர்ப்ப மதிக்கணுங்கறதுல இப்பவும் மாத்தம் இல்ல, 177.25 நம்ம உரிமை, அதுல ஒரு சொட்டு விட்டுக் குடுக்கக் கூடாது. ஆனா வீராணம் விஷயம் எனக்கு சத்தியமா தெரியாது அண்ணே. எங்க வீட்டுக்கு வர்றது எந்த தண்ணின்னு நாளைக்கு மெட்ரோ வாட்டர் ஆபீஸ்ல கேக்கப் போறேன்.

காட்டுமன்னார்கோயில்:

கேளு தம்பி. கேட்டுட்டு இங்க எழுது. ஏரி ரொம்பி இருக்கறப்ப ஒரு நாள் லால்பேட்டை வழியா வா, கரையில கூட்டிட்டுப் போறேன். 14 கிலோமீட்டர் கரை, நடந்தே போலாம்.

ஊத்துக்கோட்டை_பையன்:

அண்ணா நான் ஞாயித்துக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போறேன், வழில ஜீரோ பாயிண்ட்ல அளவுகோல் பாத்து எத்தன கன அடி வருதுன்னு இங்க போடறேன். வாராவாரம் போடவா?

கடைமடை_மகன்:

போடுங்க தம்பி. நான் பிலிகுண்டுலுவையும் மேட்டூரையும் தினம் போடறேன், பெரியப்பா காலைல ஆறு மணிக்கெல்லாம் போன்ல சொல்லிடுவாரு. வீராணம் மட்டத்த காட்டுமன்னார்கோயில் அண்ணன் குடுத்தா நல்லா இருக்கும். அக்கா, முடிஞ்சா மண்டியா பெரியவருகிட்டேர்ந்து கண்ணம்பாடியும்.

பெங்களூரு_தமிழ்:

கேட்டேன். இன்னிக்கு எத்தன அடின்னு உடனே சொல்லிட்டாரு. அப்புறம் "மேட்டூர் எஷ்டு?"ன்னு கேட்டாரு.